நெய்வேலியின் புதைகாட்டுக்கு உறவினர் யார்?

நெய்வேலிச் சுரங்கத்தில் சிவந்த கடலூர் மணற்பாறையைச் சக்கர வாளி இயந்திரங்கள் சுரண்டி எடுத்த பிறகு, அடியில் கறுப்பும் பழுப்புமாக ஒரு படலம் வெளிப்படுகிறது. அறுபது ஆண்டுகளுக்கு மேலாகத் தமிழ்நாட்டு வீடுகளில் விளக்கெரிய உதவிய படலம் அது. 1930-களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணற்றுக்குத் துளையிட்டபோது தண்ணீரோடு கறுப்புத் துகள் வந்த கதையை இந்த வட்டாரத்துப் பள்ளிப் பிள்ளைகளும் சொல்வார்கள். 1956-இல் சுரங்க நிறுவனம் உருவானது, 1957 மே 20 அன்று நேரு சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தது, 1961-இல் நிலக்கரி கண்ணுக்குத் தெரிந்தது, 1962-இல் அனல்மின் நிலையம் ஓடத் தொடங்கியது ஆகிய எல்லாமே நன்றாகப் பதிவாகியிருக்கின்றன. அதற்கு முந்தைய வரலாறுதான் அதிகம் பேசப்படவில்லை. அந்தப் படலம் ஒரு காலத்தில் காடாக இருந்தது. அதில் என்னென்ன மரங்கள் நின்றன, அவற்றின் உறவினர்கள் இன்று உலகில் எங்கே வாழ்கிறார்கள் என்ற கேள்விகளுக்கு விடை தேடுவது இரண்டு துறைகளை ஒன்றாகக் கொண்டுவருகிறது. ஒன்று, சுரங்கத்தில் கிடைக்கும் மகரந்தத்தையும் கல்லாகிப்போன மரத்தையும் படிக்கும் தொல்தாவரவியல். மற்றது, உயிரோடிருக்கும் மரங்களின் டிஎன்ஏவைக் கணினியில் ஒப்பிட்டுப் பரிணாமக் கிளைப்படம் வரையும் கலை. இரண்டாவதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை அதிகம் பேசப்போகிறது. ஆனால் முதலாவது இல்லாமல் இரண்டாவது எப்படி வழிதவறும் என்பதைச் சொல்லாமல் விட முடியாது.

பழுப்பு நிலக்கரியிலிருந்து மகரந்தத்தைப் பிரிப்பது பொறுமையான வேலை. நிலக்கரித் துண்டை அமிலத்திலும் காரத்திலும் மாறிமாறி ஊறவைத்து, கரையக்கூடியதையெல்லாம் கரைத்துவிட வேண்டும். மகரந்தத்தின் வெளித்தோல் மட்டும் கரையாது. இயற்கை உண்டாக்கிய பொருள்களிலேயே மிக உறுதியானவற்றில் ஒன்று அது. எஞ்சியதை நுண்ணோக்கியில் வைத்தால் ஒவ்வொரு தாவரக் குடும்பத்துக்கும் உரிய வடிவும் துளைகளும் தெரியும். இப்படி நெய்வேலி நிலக்கரியின் மகரந்தங்களை விரிவாக ஆராய்ந்து 1966-இல் வெளியிட்டவர் சி.ஜி.கே. ராமானுஜம். பிற்காலத்தில் ஹைதராபாத்தில் ஒஸ்மானியா பல்கலைக்கழகத்தில் பணிபுரிந்தவர். அதற்குப் பத்தாண்டு முன்பே, 1956-இல், அன்றைய தென்னாற்காடு மாவட்டத்துக் கல்மரங்களைச் சீவி, அவற்றில் டிப்டெரோகார்ப் குடும்பத்து மரங்கள் இருப்பதையும் அவர் காட்டியிருந்தார். திருவக்கரையில் இன்று கல்மரப் பூங்காவாகப் பாதுகாக்கப்படும் அடிமரங்கள் இதே கடலூர் மணற்பாறையைச் சேர்ந்தவை.

நெய்வேலியைச் சுற்றி இன்று முந்திரியும் பலாவும் நிற்கின்றன. முந்திரி பிரேசிலிலிருந்து போர்த்துகீசியர் கொண்டுவந்தது. டிப்டெரோகார்ப் குடும்பமோ பெரும்பாலும் மழைக்காட்டுக்கு உரியது. ஆசியாவில் ஏறத்தாழ 500 இனங்கள் கொண்ட அந்தக் குடும்பத்தின் பெரும்பங்கு போர்னியோத் தீவிலும் மலேசியாவிலும் சுமத்ராவிலும் நிற்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரமான சரிவுகளில் வாட்டேரியா, ஹோப்பியா, டிப்டெரோகார்பஸ் என்று சில வகைகள் உண்டு. இலங்கையின் தென்மேற்குக் காடுகளில் அந்தத் தீவுக்கே உரிய டூனாவும் ஸ்டெமனோபோரஸும் உண்டு. செஷல்ஸ் தீவில் ஒரே ஓர் இனம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இந்தக் குடும்பத்தில் வறட்சியைத் தாங்கப் பழகிய சிலவே தமிழ்நாட்டின் கிழக்கு மலைகளில் குங்கிலியம் என்ற பெயரில் நிற்கின்றன. இவற்றுள் எது எதற்குச் சித்தப்பன் மகன், எது ஒன்றுவிட்ட உறவு, குடும்பம் எங்கே தோன்றி எந்த வழியாகப் பரவியது? தோற்றத்தை மட்டும் வைத்து இவற்றைத் தீர்க்க முயன்ற தாவரவியலாளர்கள் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக ஒருவரோடு ஒருவர் உடன்படவில்லை.

நிலக்கரியிலிருந்தே டிஎன்ஏவை எடுத்துவிடலாமே என்று கேட்கத் தோன்றும். அந்த ஆசை அறிவியலாளருக்கும் இருந்தது. 1990-இல் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில், கிளார்க்கியா என்ற இடத்து மயோசீன் களிமண்ணில் பச்சை மாறாமல் கிடைத்த மக்னோலியா இலையிலிருந்து ஒரு மரபணுத் துண்டைப் படித்துவிட்டதாக ‘நேச்சர்’ இதழில் ஓர் அறிவிப்பு வந்தது. இலையின் வயது சுமார் ஒன்றே முக்கால் கோடி ஆண்டு. மற்ற ஆய்வகங்கள் அதைத் திரும்பச் செய்து பார்த்தபோது கிடைத்ததெல்லாம் பெரும்பாலும் பாக்டீரியாவின் டிஎன்ஏ. டிஎன்ஏ தண்ணீர் பட்டால் காலப்போக்கில் துண்டுதுண்டாக உடைந்துபோகும் பொருள். இன்றுவரை நம்பகமாகப் படிக்கப்பட்ட மிகப் பழைய டிஎன்ஏ, கிரீன்லாந்தின் வடமுனையில் உறைந்த மண்ணிலிருந்து 2022-இல் அறிவிக்கப்பட்டது. அதன் வயது ஏறத்தாழ 20 லட்சம் ஆண்டுகள். நெய்வேலியின் வெப்பத்தில், நீரூற்றுக்கு மேலே பல கோடி ஆண்டுகள் கிடந்த படலத்தில் அந்தக் காட்டு மரங்களின் டிஎன்ஏ ஒரு சொட்டும் மிஞ்சியிருக்க வழியில்லை. ஆகவே புதைந்த காட்டைப் பற்றி டிஎன்ஏ எதையாவது சொல்ல வேண்டுமென்றால், இன்று உயிரோடிருக்கும் உறவினர் வழியாகத்தான் சொல்ல முடியும்.

அந்த உறவினர்களை எப்படி விசாரிப்பது? பச்சைத் தாவரங்கள் எல்லாவற்றிலும் ஆர்பிசிஎல் என்ற மரபணு இருக்கிறது. காற்றிலுள்ள கரியமில வாயுவைப் பிடித்துச் சர்க்கரையாக்கும் புரதத்தின் பெரிய பகுதியை உண்டாக்கும் கட்டளை அது. சுமார் 1,400 எழுத்து நீளம். ஏ, சி, ஜி, டி என்ற நான்கே எழுத்துகளில் எழுதப்பட்டது. உயிர் வாழ்வதற்கு இன்றியமையாதது என்பதால் மிக மெதுவாகத்தான் மாறுகிறது. ஒவ்வொரு மரத்திலிருந்தும் இந்த 1,400 எழுத்தைப் படித்து, ஒன்றன்கீழ் ஒன்றாக நேர்ப்படுத்தி அடுக்கினால் ஓர் அட்டவணை கிடைக்கும். ஒவ்வொரு நெடுவரிசையும் ஒரு சாட்சி.

உ.வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது செய்ததை நினைத்துப் பார்த்தால் இந்த அட்டவணையின் பயன் உடனே விளங்கும். ஏடுகளை ஒப்பிடும்போது, இரண்டு ஏடுகள் சரியான பாடத்தில் ஒத்துப்போவது அவற்றின் உறவைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. மூலத்தில் இருந்தது இரண்டிலும் இருக்கிறது, அவ்வளவே. இரண்டும் ஒரே இடத்தில் ஒரே பிழையைச் சுமந்திருந்தால், அந்தப் பிழையைச் செய்த ஒரு பிரதியிலிருந்து இரண்டும் பிறந்தவை என்று ஊகிக்கலாம். மரபணுவிலும் அப்படியே. மூதாதையிடமிருந்து வந்த பழைய எழுத்தைப் பகிர்வது உறவுக்குச் சான்றாகாது. பிற்பாடு நேர்ந்த மாற்றத்தைப் பகிர்வதே சான்று. இதை உயிரியலுக்கு ஒழுங்கான விதியாக்கியவர் ஜெர்மானியப் பூச்சியியலாளர் வில்லி ஹென்னிக். அவரது நூல் 1950-இல் வந்தது; 1966-இல் ஆங்கிலத்தில் வந்த பிறகே உலகெங்கும் பரவியது.

சிக்கன முறை, அதாவது பார்சிமனி, இந்த விதியைக் கணக்காக மாற்றுகிறது. சாத்தியமான கிளைப்படங்களில், நாம் காணும் எழுத்துகளை விளக்க மிகக் குறைவான மாற்றங்களைக் கேட்கும் படத்தையே ஏற்றுக்கொள் என்பது அதன் கட்டளை. நான்கு மரங்களை எடுத்துக்கொள்வோம்: குங்கிலியம், ஹோப்பியா, வாட்டேரியா, டிப்டெரோகார்பஸ். நான்கு பேரை இரண்டிரண்டாகச் சேர்க்க மூன்றே வழிகள். ஒரு நெடுவரிசையில் குங்கிலியத்துக்கும் ஹோப்பியாவுக்கும் ஏ, மற்ற இரண்டுக்கும் ஜி என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். குங்கிலியத்தையும் ஹோப்பியாவையும் ஒரு பக்கமாகச் சேர்த்த படத்தில் ஒரே ஒரு மாற்றம் போதும். மற்ற இரண்டு படங்களிலும் இரண்டு மாற்றங்கள் வேண்டும். மூன்று மரங்களுக்கு ஏ, ஒன்றுக்கு மட்டும் ஜி என்றால் மூன்று படங்களிலும் ஒரே செலவு. அந்தச் சாட்சிக்குச் சொல்ல ஒன்றுமில்லை. நான்கும் நான்கு வெவ்வேறு எழுத்து என்றாலும் அப்படியே, எந்தப் படத்திலும் மூன்று மாற்றங்கள். குறைந்தது இரண்டு எழுத்துகள், ஒவ்வொன்றும் குறைந்தது இரண்டு மரங்களில் வந்தால்தான் நெடுவரிசை வாய் திறக்கும். ஆர்பிசிஎல் போன்ற மெதுவாக மாறும் மரபணுவில் 1,400 சாட்சிகளில் பெரும்பாலோர் மௌனமாகவே இருப்பார்கள் என்பதைத் தொடக்கத்திலேயே மனத்தில் வைப்பது நல்லது.

ஒரு படத்தின் செலவைக் கணக்கிடும் வழியை 1971-இல் வால்டர் ஃபிட்ச் எளிமையாக வகுத்துத் தந்தார். நுனிகளிலிருந்து அடிநோக்கி வா. இரண்டு கிளைகள் சேரும் கணுவில், இரு பக்கத்துக்கும் பொதுவான எழுத்து இருந்தால் அதை மட்டும் வைத்துக்கொள். பொதுவானது இல்லையென்றால் இரு பக்கத்து எழுத்துகளையும் சேர்த்து வைத்துக்கொண்டு கணக்கில் ஒன்று கூட்டு. அடிக்கு வந்து சேரும்போது கையில் இருக்கும் தொகையே அந்த நெடுவரிசையின் செலவு. காகிதமும் பென்சிலும் கொண்டு ஒரு பள்ளி மாணவியும் செய்யலாம். இந்த வெளிப்படைத்தன்மைதான் சிக்கன முறையில் எனக்கு மிகவும் பிடித்தது. எந்தக் கணுவில் எந்த எழுத்து மாறியதாக நாம் சொல்கிறோம் என்பதை ஒவ்வொன்றாகச் சுட்டிக்காட்ட முடியும். மறுப்பவர் அதே இடத்தில் விரலை வைத்து மறுக்கவும் முடியும்.

ஒரு படத்துக்குக் கணக்குப் போடுவது எளிது. படங்களின் எண்ணிக்கைதான் திகைக்கவைக்கிறது. நான்கு இனங்களுக்கு மூன்று படங்கள், ஐந்துக்கு 15, ஆறுக்கு 105, பத்துக்கு 20,27,025. இருபது இனங்களுக்கு 22-க்குப் பின் 19 பூஜ்யங்கள். ஐம்பதுக்கு 28-க்குப் பின் 73 பூஜ்யங்கள். 1982-இல் ஃபோல்ட்ஸும் கிரஹாமும், மிகச் சிக்கனமான படத்தைத் தேடுவது கணிதத்தில் மிகக் கடினமானவை என்று வகைப்படுத்தப்பட்ட புதிர்களின் கூட்டத்தைச் சேர்ந்தது என்று நிறுவினார்கள். ஆகவே சுமார் இருபது இனங்களைத் தாண்டினால் எல்லாப் படங்களையும் பார்த்துவிட்டோம் என்று எந்த மென்பொருளும் உறுதி சொல்ல முடியாது. ஜோசப் ஃபெல்சன்ஸ்டைனின் ஃபைலிப், டேவிட் ஸ்வாஃபர்டின் பாப், ஜேம்ஸ் ஃபாரிஸின் ஹென்னிக்86 என்று 1980-களில் வந்த மென்பொருள்கள் யாவும் ஒரே உத்தியைக் கையாண்டன. முதலில் இனங்களை ஒவ்வொன்றாகச் சேர்த்து ஓரளவு நல்ல படம் ஒன்றைக் கட்டு. பிறகு ஒரு கிளையை வெட்டி வேறிடத்தில் ஒட்டிப் பார். செலவு குறைந்தால் புதிய படத்தை வைத்துக்கொள். குறைக்க இயலாதவரை தொடர்.

இந்தத் தேடலில் எவ்வளவு உழைப்பு போயிருக்கிறது என்பதற்கு ஆர்பிசிஎல் மரபணுவே ஓர் உதாரணம் தந்திருக்கிறது. 1993-இல் மார்க் சேஸும் நாற்பதுக்கு மேற்பட்ட சகாக்களும் உலகெங்கிலுமிருந்து ஏறத்தாழ 500 விதைத்தாவரங்களின் ஆர்பிசிஎல்லை ஒரே கிளைப்படத்தில் வைத்தார்கள். பூக்கும் தாவரக் குடும்பங்களின் இன்றைய வகைப்பாட்டுக்கு வித்திட்ட வேலைகளுள் அது ஒன்று. தேடல் முழுமையாக முடியவில்லை என்று அவர்களே சொல்லியிருந்தார்கள். 1997-இல் ரைஸ், டோனஹ்யூ, ஓம்ஸ்டெட் மூவரும் அதே அட்டவணையை மறுபடி எடுத்து, மொத்தம் 11.6 மாதக் கணினி நேரம் ஓட்டி, 16,220 மாற்றங்கள் கொண்ட படங்களை அடைந்தார்கள். 1999-இல் கெவின் நிக்ஸன் ஒரு புது உத்தியோடு வந்தார். சில நெடுவரிசைகளைத் தற்செயலாகப் பொறுக்கி அவற்றின் சொல்லுக்குச் சிறிது நேரம் கூடுதல் மதிப்புக் கொடுத்துத் தேடுவது, பிறகு பழைய மதிப்புக்குத் திரும்பித் தேடுவது, இதையே திரும்பத்திரும்பச் செய்வது. மாட்டிக்கொண்ட இடத்திலிருந்து தேடலை வெளியே தள்ளும் இந்த எளிய தந்திரம், சில மணி நேரங்களில் 16,218 மாற்றங்கள் கொண்ட படத்தைக் கண்டுபிடித்தது. கணினியின் வேகத்தைவிட யோசனையின் தரம் எவ்வளவு பெரியது! பாப்லோ கொலோபாஃப், ஃபாரிஸ், நிக்ஸன் மூவரும் உருவாக்கிய டிஎன்டி மென்பொருளில் இந்த உத்தியும் இதற்கு நிகரான வேறு சிலவும் இருக்கின்றன. ஹென்னிக் சங்கத்தின் ஆதரவில் 2007 முதல் அது இலவசம். கடலூர் மாவட்டத்துக் கல்லூரி ஒன்றின் சாதாரணக் கணினியில் இன்று ஒரு மாணவர் அந்த 500 இன அட்டவணையைப் பிற்பகலுக்குள் ஓட்டிவிடலாம்.

நம் புதைகாட்டுக்கு நேராக வரும் ஆய்வு 1999-இல் வந்தது. செல்வதுரை தயானந்தன், பீட்டர் ஆஷ்டன், ஸ்காட் வில்லியம்ஸ், ரிச்சர்ட் பிரைமாக் ஆகியோர் டிப்டெரோகார்ப் குடும்பத்தின் ஆர்பிசிஎல்லைப் படித்துச் சிக்கன முறையில் கிளைப்படம் வரைந்து ‘அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் பாட்டனி’யில் வெளியிட்டார்கள். தயானந்தன் பின்னர் கனடாவின் கான்கார்டியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானவர். ஆஷ்டன் இந்தக் குடும்பத்தை வாழ்நாள் முழுவதும் படித்தவர். அந்தப் படத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது இரண்டு. ஒன்று, மடகாஸ்கர் தீவுக்கு மட்டுமே உரிய சர்கோலேனேசி என்ற குடும்பம் டிப்டெரோகார்ப்களுக்கு மிக நெருங்கிய உறவாக வந்தது. ஆசிய மழைக்காட்டின் அரசர்களுக்கு ஒன்றுவிட்ட உடன்பிறப்புகள் ஆப்பிரிக்கக் கரையோரத் தீவில்! மற்றது, ஷோரியா என்ற ஒரே பேரினமாக வைத்திருந்தது ஒரே கிளையாக நிற்கவில்லை. இலங்கையின் டூனா பிரிவும், தமிழ்நாட்டுக் குங்கிலியம் அடங்கிய ஆந்தோஷோரியா பிரிவும் மற்ற ஷோரியாக்களைவிட ஹோப்பியாவோடு சேர்ந்து நின்றன. டூனாவை 1851-இலேயே தனிப் பேரினமாக விவரித்தவர் இலங்கையில் பணியாற்றிய த்வெயிட்ஸ். பின்னால் வந்தவர்கள் ஷோரியாவுக்குள் அடக்கிவிட்டார்கள். டிஎன்ஏ அவர் பக்கம் சாய்ந்திருக்கிறது. அதே சமயம், டிப்டெரோகார்பஸ் பேரினத்தின் இடத்தை அந்த ஒற்றை மரபணுவால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. மெதுவாக மாறும் மரபணு சில கணுக்களில் மௌனம் காத்தது.

சிக்கன முறையின் உண்மையான பலவீனத்தை 1978-இல் ஃபெல்சன்ஸ்டைன் காட்டினார். இரண்டு வம்சங்கள் மற்றவற்றைவிட வேகமாக மாறுகின்றன என்று வைத்துக்கொள்வோம். எழுத்துகள் நான்கே என்பதால், தொடர்பே இல்லாமல் இரண்டிலும் ஒரே இடத்தில் ஒரே எழுத்து வந்து அமர்வது அடிக்கடி நேரும். சிக்கன முறை அந்தத் தற்செயலைப் பரம்பரை என்று படித்து இரண்டையும் அருகருகே ஒட்டிவிடும். கூடுதல் தரவு சேர்த்தால் சரியாகிவிடும் என்று நம்பவும் வழியில்லை. தரவு கூடக்கூடத் தவறான விடையில் உறுதி கூடும். ஒரு முறை தவறு செய்யலாம் என்பது சாதாரணச் செய்தி. மேலும் மேலும் உழைத்தால் மேலும் மேலும் தவறும் என்று கணிதத்தால் நிறுவப்படுவது அபூர்வம். அதனால்தான் இன்று டிஎன்ஏ ஆய்வுகளில் பெரும்பாலானவை மாற்றத்தின் வேகத்தையும் நிகழ்தகவையும் கணக்கிலெடுக்கும் வேறு முறைகளையே முதன்மையாகக் கையாள்கின்றன. 2016-இல் ‘கிளாடிஸ்டிக்ஸ்’ இதழ், சிக்கன முறையே அறிவுக்கோட்பாட்டின்படி முதன்மையானது, வேறு முறையைக் கையாள்வோர் காரணம் காட்ட வேண்டும் என்று தலையங்கம் எழுதியபோது உலகெங்கும் எதிர்ப்பு எழுந்தது. எதிர்ப்பு நியாயமானதே. ஒரு முறையின் தெளிவை அதன் உண்மையோடு குழப்பிக்கொள்ளக் கூடாது.

ஆனால் நெய்வேலியை முன்வைத்து யோசிக்கும்போது, இதைவிடப் பெரிய இடர் ஒன்று இருக்கிறது. அது சிக்கன முறைக்கு மட்டும் உரியதல்ல. உயிரோடிருப்பவரை மட்டும் கேட்டு வரைந்த எல்லாப் படங்களுக்கும் பொது. இல்லாதவர் சாட்சி சொல்ல முடியாது.

டீனோலோஃபான் என்ற மரத்தை எடுத்துக்கொள்வோம். அந்தப் பேரினத்தில் இன்று இரண்டே இனங்கள். ஒன்று மேற்கு, மத்திய ஆப்பிரிக்கக் காடுகளில். மற்றது மலேசியத் தீபகற்பத்திலிருந்து நியூகினி வரை. இடையில் ஒன்றுமில்லை. இரண்டின் டிஎன்ஏவையும் படித்து, மூதாதை எங்கே வாழ்ந்தது என்று கணினியைக் கேட்டால் என்ன சொல்லும்? நிலப்பரப்புகளுக்கும் சிக்கனக் கணக்குப் போடும் டிவா என்ற மென்பொருளை ஃபிரெட்ரிக் ரோன்க்விஸ்ட் 1990-களில் உருவாக்கினார். ஒரு நிலப்பரப்பிலிருந்து இன்னொன்றுக்கு இடம்பெயர்ந்தால் செலவு ஒன்று, அழிந்துபோனால் செலவு ஒன்று, நிலம் பிளந்து வம்சம் பிரிந்தால் செலவில்லை. அந்தக் கணக்கில் மிக மலிவான விடை: மூதாதை ஆப்பிரிக்காவிலும் மலேசியப் பகுதியிலும் ஒரே நேரத்தில் பரவியிருந்தது, பிறகு இரண்டாகப் பிரிந்தது. இந்தியா என்ற பெயர் விடையில் வரவே வராது. எந்த நுனியிலும் இந்தியா எழுதப்படவில்லை. எழுதப்படாத இடத்தைக் கணக்கு கண்டுபிடிக்காது.

கேரளத்தின் வர்க்கலைப் படிவுகளிலோ டீனோலோஃபானின் மகரந்தம் இருக்கிறது. ராமானுஜமும் கே.பி. ராவும் 1970-களின் தொடக்கத்தில் அதை ஆராய்ந்து, அந்த மரத்தின் தோற்றத்தையும் பரவலையும் விவாதித்தார்கள். 1984-இல் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் இந்திய மூன்றாம் ஊழி மகரந்தங்களையும் ஆப்பிரிக்க மகரந்தங்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து ஒரு தொகுதி வெளியிட்டது. அதன் முதல் ஆசிரியர் கணபதி தணிகைமணி. ராமானுஜமும் அதில் ஓர் ஆசிரியர். உலக மகரந்தவியலாளர் எல்லோரும் நாடிய நூலடைவுகளைத் தொகுத்த தணிகைமணி, 1986 செப்டம்பர் 5 அன்று கராச்சியில் கடத்தப்பட்ட பான் ஆம் விமானத்தில் உயிரிழந்தார். ஆப்பிரிக்காவும் தென்கிழக்காசியாவும் இந்தியா வழியாகத் தாவரங்களைப் பரிமாறிக்கொண்டன என்ற எண்ணத்துக்கு நுண்ணோக்கியின் கீழ் உழைத்த அந்தத் தலைமுறை போட்ட அடித்தளத்தை, டிஎன்ஏ காலத்தவர் போதுமான அளவு நினைவுகூர்வதில்லை என்பது என் வருத்தம்.

டிப்டெரோகார்ப் வரலாறும் இதே திசையில் போயிருக்கிறது. இந்தியத் தட்டு மடகாஸ்கரிலிருந்து சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்து வடக்கே நகர்ந்து, சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆசியாவை முட்டியது. 2010-இல் குஜராத்தின் வஸ்தான் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்து அம்பர் பற்றிய ஆய்வு வெளிவந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட பூச்சி, சிலந்தி வகைகளைத் தனக்குள் வைத்திருந்த அந்தப் பிசின், வேதியியல்படி டிப்டெரோகார்ப் மரங்களுடையது. வயது 5 கோடி ஆண்டுகளுக்கு மேல். 2022-இல் லக்னோவின் பீர்பால் சாஹ்னி தொல்லறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்த மஹி பன்சல், வந்தனா பிரசாத் முதலியோர் ‘சயன்ஸ்’ இதழில் இன்னும் பழைய மகரந்தச் சான்றுகளை டிஎன்ஏ கிளைப்படத்தோடு இணைத்தார்கள். குடும்பம் ஆப்பிரிக்காவில் தோன்றியது, கிரெட்டேசியஸ் காலத்தின் பிற்பகுதியில் இந்தியாவுக்கு வந்தது, இந்தியா ஆசியாவைத் தொட்ட பிறகு தென்கிழக்கே பெருகியது என்பது அவர்கள் முடிவு. இன்று இனங்கள் குவிந்திருக்கும் போர்னியோவைத் தாயகம் என்று எண்ணவே உயிருள்ள மரங்களின் பட்டியல் நம்மைத் தூண்டும். அந்தத் தூண்டுதலைத் தடுத்து நிறுத்தியவை சுரங்கங்கள்.

மென்பொருளுக்குள்ளேயே கல்மரத்துக்கு ஓர் இடம் கொடுக்க முடியும் என்பது பலருக்குத் தெரியாது. டிஎன்டி அட்டவணையில் டிஎன்ஏ எழுத்துகளுக்குப் பக்கத்தில் உடற்கூற்றுப் பண்புகளையும் நெடுவரிசைகளாக எழுதலாம். டிப்டெரோகார்ப் மரக்கட்டையைக் குறுக்கே சீவினால் பிசின் குழாய்கள் தெரியும். ஷோரியா, ஹோப்பியா போன்றவற்றில் அவை நீண்ட வளைந்த வரிசைகளாக அமையும்; வாட்டேரியாவிலும் அதன் உறவுகளிலும் தனித்தனியே சிதறியிருக்கும்; டிப்டெரோகார்பஸில் சிதறியோ குட்டை வரிசைகளிலோ வரும். கடலூர் மணற்பாறைக் கல்மரத்திலும் இதே பண்பைப் பார்க்க முடிகிறது. ஆகவே கல்மரத்தை ஓர் இனமாக அட்டவணையில் சேர்த்து, பிசின் குழாய், நாளங்களின் அமைப்பு போன்ற நெடுவரிசைகளை நிரப்பி, 1,400 டிஎன்ஏ இடங்களிலும் கேள்விக்குறி போட்டுவிடலாம். மென்பொருள் அந்தக் கேள்விக்குறிக்கு எந்தச் செலவும் வைக்காது. தெரிந்த பண்புகளை மட்டும் கொண்டு கல்மரத்துக்குப் பொருத்தமான கிளையைத் தேடும். தெரிந்த பண்புகள் மிகக் குறைவாக இருந்தால் ஆபத்தும் உண்டு. கல்மரம் பத்து இடங்களில் சமமாகப் பொருந்தி, எல்லாப் படங்களுக்கும் பொதுவானதை எடுக்கும்போது நன்றாக இருந்த கிளைகளையும் சேர்த்துக் குலைத்துவிடும். அப்படிக் குலைந்தால், இன்னும் நல்ல துண்டு வேண்டும், இன்னும் கவனமாகச் சீவ வேண்டும் என்று பொருள்; கல்மரத்தை அட்டவணையிலிருந்து தூக்கியெறிய வேண்டும் என்று பொருளல்ல.

நெய்வேலியில் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. சுரங்கம் நாள்தோறும் நகர்கிறது. வெளிப்பட்ட படலம் கொதிகலனுக்குப் போகிறது. அதில் கிடக்கும் மரத்துண்டும் மகரந்தமும் சேர்ந்தே எரிகின்றன. நிலக்கரியின் தரத்தைப் பார்க்க எடுக்கும் துளை மாதிரிகளில் ஒரு பகுதியை, எந்த ஆழம், எந்த இடம் என்ற குறிப்போடு, எரிக்காமல் ஒதுக்கிவைத்தால் அதுவே ஓர் ஆவணக் காப்பகம். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் மகரந்தச் சேகரிப்பும், சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் ஒன்றிரண்டு மணி நேரப் பயணத்தில் இருக்கின்றன. மேற்குத் தொடர்ச்சி மலை மரங்களின் மரபணு வரிசைகள் பொதுத் தரவகங்களில் யாரும் எடுத்துக்கொள்ளும்படி கிடைக்கின்றன.

இவற்றில் முதலில் தீர்க்கப்பட வேண்டியது படலத்தின் வயது. மயோசீன் என்பதே நெடுங்கால வழக்கு. ராமானுஜமும் அப்படித்தான் எழுதினார். மகரந்தக் கலவையைக் கொண்டு, இல்லை, ஈயோசீன் காலத்தது என்று வாதிட்டவர்களும் உண்டு. கிளைப்படத்தில் கணுக்களின் வரிசையை டிஎன்ஏ சொல்லும். கணு எப்போது பிரிந்தது என்பதை, வயது தெரிந்த புதைபடிவம் ஒன்றைக் கட்டிவைத்தால்தான் சொல்ல முடியும். மயோசீன் என்றால் 2.3 கோடி ஆண்டுக்குள். ஈயோசீன் என்றால் 3.4 கோடிக்கும் 5.6 கோடிக்கும் இடையில். இந்தக் கறுப்புப் படலத்து மகரந்தம் ஒன்றைக் கணுவில் கட்டி மேற்குத் தொடர்ச்சி மலை மரங்களின் வயதைக் கணக்கிடும் எவருக்கும், இந்த வேறுபாட்டால் விடை ஒரு கோடி ஆண்டுக்கு மேல் மாறிப்போகும். இந்தியா ஆசியாவை முட்டிய காலத்துக் காடா இது, அல்லது அந்த மோதல் முடிந்து வெகுகாலம் கழித்துக் கிழக்குக் கரையில் எஞ்சி நின்ற காடா என்பதும் அதைப் பொறுத்ததே.